குதிரையின் மேல் ஏறிய கப்பல்

ரோமானியர்கள் சார்டினியாத் தீவில் அடித்த வெண்கலக் காசுகளில் ஒரு வகை பார்ப்பவரைக் குழப்பும். ஒரு பக்கம் சிறகு வைத்த தொப்பியோடு மெர்க்குரி தேவனின் தலை. மறுபக்கம் போர்க்கப்பலின் முன்பகுதி, அதற்கு மேல் 'ரோமா' என்ற பெயர், கீழே இரண்டு புள்ளிகள். இதுவரை எல்லாம் வழக்கமான ரோமானியச் சில்லறைதான். வெளிச்சம் சாய்வாக விழும்படி காசைத் திருப்பினால், கப்பலின் நடுவே அதற்குச் சம்பந்தமில்லாத ஒரு வளைவு மேலெழும்பும். அது ஒரு குதிரையின் கழுத்து. மெர்க்குரியின் தாடைக்குப் பக்கத்தில் தானியக் கதிர் சூடிய ஒரு பெண் தெய்வத்தின் கூந்தல் தெரியும். அவள் கார்த்தேஜ் மக்கள் வணங்கிய தானித் என்று பொதுவாகக் கருதப்படுகிறாள். அவளும் குதிரையும் சேர்ந்து இருப்பவை கார்த்தேஜின் காசுகள். அவற்றை உருக்காமல், அப்படியே ரோமானிய அச்சுகளுக்கு இடையே வைத்து அடித்திருக்கிறார்கள். நாணயவியலில் இதை மறுமுத்திரை என்று சொல்லலாம்.

இப்படி ஒரு காசைக் கண்டால் மனம் உடனே ஒரு கதையைக் கட்டிவிடும். வென்றவன் தோற்றவனின் தெய்வத்தின் முகத்தில் தன் முத்திரையைக் குத்தினான், வெற்றியை வெண்கலத்தில் எழுதினான் என்று போகும் அந்தக் கதை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சான்றுகள் அதற்கு ஒத்துவரவில்லை. இந்தக் காசுகள் பிறந்த நேரத்தில் ரோம் வென்று முடித்திருக்கவில்லை. அதன் கருவூலம் காலியாக இருந்தது. கார்த்தேஜின் தளபதி ஹன்னிபால் இத்தாலிக்குள் உட்கார்ந்திருந்தார். இந்த மறுமுத்திரைகளில் பேசுவது பணமுடையும் அவசரமும்தான் என்பது என் வாதம். அந்த அவசரத்தால்தான் ரோமானிய நாணய வரலாற்றின் ஒரு பெரிய காலக் குழப்பமும் தீர்ந்தது.

முதலில் செய்முறையைப் பார்த்துவிடலாம். அக்காலத்தில் காசு அடிக்க வேண்டுமானால் முதலில் வெற்று வில்லைகள் வேண்டும். வெண்கலத்தை மூசையில் உருக்கி, அச்சுக்குழிகளில் ஊற்றி, குளிர்ந்தபின் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுக்க வேண்டும். இதற்கு ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸ் வெப்பமும், அதற்கு ஈடான கரியும், பழகிய ஆட்களும் தேவை. அடிப்பது அதைவிட எளிது. கீழச்சைப் பட்டடையில் பதித்து, வில்லையை அதன்மேல் வைத்து, மேலச்சைக் கையில் பிடித்துச் சம்மட்டியால் ஓங்கி அடித்தால் போதும். ஏற்கெனவே புழங்கும் ஒரு காசையே வில்லையாக எடுத்துக்கொண்டால் உலை வேலை முழுவதும் மிச்சம். சற்றே சூடாக்கி உலோகத்தை இளக்கினால் போதும். ஒரு படைமுகாமின் ஓரத்தில்கூடச் செய்துவிடலாம்.

அடி சரியாக விழுந்தால் பழைய உருவம் தட்டையாகி மறைந்துவிடும். ஆனால் அழுத்தம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. புதிய அச்சில் குழிவாக இருக்கும் பகுதி, அதாவது காசில் மேடாக வரவேண்டிய இடம், பழைய உலோகத்தை முழுவதும் நசுக்காது. விளிம்பிலும் அழுத்தம் குறைவு. அதனால்தான் பழைய குதிரையின் பிடரியோ தானித்தின் கூந்தலோ இந்த இடங்களில் தங்கிவிடுகிறது. இதை இரட்டை அடியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அடிக்கும்போது வில்லை நழுவி ஒரே உருவம் இருமுறை விழுவது இரட்டை அடி. அங்கே தெரிவது இரண்டு மெர்க்குரிகள். மறுமுத்திரையில் தெரிவது மெர்க்குரியும் அவருக்கு அந்நியமான வேறொன்றும். அடியில் இருப்பது எது என்று கண்டுபிடிக்க, ஆய்வாளர்கள் சந்தேகத்துக்குரிய காசின் படத்தைச் சுழற்றிச் சுழற்றி, நல்ல நிலையில் உள்ள பழைய காசின் படத்தோடு பொருத்திப் பார்க்கிறார்கள். குதிரையின் தாடைக்கோணம், திரிசூலத்தின் முனை, ஓரிரு கிரேக்க எழுத்துகள் என்று ஏதாவது ஒன்று மிஞ்சியிருந்தால் போதும். எதுவும் தெளிவாக மிஞ்சாத காசில் ஆசைப்பட்டதைப் பார்த்துவிடும் ஆபத்தும் உண்டு. ஆகவே, அடியில் ஒரே வகைக் காசு பல மறுமுத்திரைகளில் திரும்பத் திரும்ப வந்தால்தான் அதை நம்பிப் பேச முடியும்.

இனி வெற்றிக்கதைக்கு வருவோம். சார்டினியாவை ரோம் கார்த்தேஜிடமிருந்து பறித்தது கி.மு. 238இல். அது போரில் வென்றதுகூட அல்ல. சம்பளம் கிடைக்காத கூலிப்படைகள் கார்த்தேஜுக்கு எதிராகக் கலகம் செய்துகொண்டிருந்த சமயம் பார்த்து மிரட்டி வாங்கியது. கி.மு. 227 முதல் அங்கே ஆண்டுதோறும் பிரீட்டர் என்ற உயர் அதிகாரி ஒருவர் ஆளுநராகப் போய்வந்தார். தீவில் புழங்கியதோ கார்த்தேஜ் காலத்து வெண்கலக் காசுகள்தான். ரோமானிய மறுமுத்திரைகள் தோன்றுவது ஏறத்தாழ கி.மு. 211 முதல். அதாவது கால் நூற்றாண்டுக்கும் மேலாக, ஆண்டுக்கு ஒரு ரோமானிய ஆளுநர் வந்துபோன காலத்திலும், கார்த்தேஜின் தெய்வமும் குதிரையும் சந்தையில் யாருக்கும் உறுத்தவில்லை. எதிரியின் உருவத்தை அழிக்கும் வெறி இருந்திருந்தால் அதற்கு இத்தனை காத்திருப்பு தேவையில்லை.

வெறுப்பு ஹன்னிபால் போரில்தான் முற்றியது, அதனால்தான் அப்போது அழித்தார்கள் என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்புதான். அப்படியானால் அந்த ஆண்டுகளில் ரோமானியர்கள் குறிப்பாகக் கார்த்தேஜின் காசுகளைத் தேடிப்பிடித்து அடித்திருக்க வேண்டும். சிசிலியில் நடந்தது வேறு. அங்கே தானியக்கதிர் அடையாளம் தாங்கிய ரோமானியக் காசுகள் ஏராளமாக சிரக்யூஸ் மன்னர் இரண்டாம் ஹியரோனின் காசுகள்மேல் அடிக்கப்பட்டன. ஒரு பக்கம் கடல்தேவன் போசைடன், மறுபக்கம் திரிசூலமும் ஹியரோனின் பெயரும் கொண்ட காசுகள் அவை. ஹியரோன் ரோமின் எதிரி அல்ல. கி.மு. 263 முதல் 215இல் சாகும்வரை விசுவாசமான நண்பர். அவர் இறந்தபின் சிரக்யூஸ் கார்த்தேஜ் பக்கம் சாய்ந்தது, கி.மு. 212இல் ரோமானியத் தளபதி மார்செல்லுஸ் அதைப் பிடித்தார், ஆர்க்கிமிடீஸ் கொல்லப்பட்டார் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் காசில் இருப்பது கலகக்காரர்களின் பெயர் அல்ல, நண்பரின் பெயர். அதையும் இரக்கமில்லாமல் அடித்தார்கள்.

இதைவிட அழுத்தமான சாட்சி கிரேக்கத்தின் மேற்குக் கரையிலிருந்து வருகிறது. அகர்னானியா நாட்டில் ஓயினியாடே என்று ஒரு சிறு நகரம். மனிதமுகம் கொண்ட காளை வடிவில் ஆற்றுத்தெய்வம் அகெலூஸ் அதன் காசில் இருக்கும். கி.மு. 211இல் ரோமானியத் தளபதி வலேரியுஸ் லேவினுஸ் இந்த நகரைப் பிடித்தார். அண்டை நாட்டவரான ஏடோலியர்களோடு ரோம் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, நிலமும் நகரமும் ஏடோலியர்களுக்கு, எடுத்துச்செல்லக் கூடிய பொருள்கள் ரோமுக்கு. காசு எடுத்துச்செல்லக் கூடிய பொருள். மறு ஆண்டு லேவினுஸ் கான்சலாகி சிசிலிக்குப் போனார். ரோமானிய மறுமுத்திரைகளின் அடியில் அகெலூஸின் காளை தலைகாட்டுவதற்கு இது பொருந்தும் விளக்கம். ரோமில் எத்தனை பேருக்கு ஓயினியாடே என்ற பெயர் தெரிந்திருக்கும்? அந்த நகரை அவமதித்து யாருக்கு என்ன ஆதாயம்? கைக்குக் கிடைத்த வில்லையை அடித்தார்கள், அவ்வளவுதான். அது நண்பனுடையதா, எதிரியுடையதா, கேள்விப்படாத ஊருடையதா என்று சம்மட்டிக்காரன் கவலைப்படவில்லை.

மறுமுத்திரை எங்குமே அரசியல் அல்ல என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ரோமுக்கு எதிராகக் கி.பி. 132 முதல் 135 வரை நடந்த பார் கொக்பா கலகத்தில் யூதர்கள் வெளியிட்ட காசுகள் ரோமானியப் பேரரசின் காசுகள்மேல் அடிக்கப்பட்டவை. பேரரசரின் தலைமேல் எருசலேம் ஆலயத்தின் முகப்பும் பழைய எபிரேய எழுத்தில் விடுதலை முழக்கமும் விழுந்தன. கார்த்தேஜை எதிர்த்துக் கலகம் செய்த லிபியர்களும் கூலிப்படையினரும் கார்த்தேஜின் வெள்ளிக்காசுகளை எடுத்து, சிங்க உருவமும் 'லிபியர்களுடையது' என்ற கிரேக்க எழுத்தும் போட்டு மறுபடி அடித்தார்கள். தங்களுக்குச் சம்பளம் தராத அரசின் காசில் தங்கள் பெயரைப் பொறித்ததில் அரசியல் இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். இந்த இரண்டிலும் புதிய உருவமும் எழுத்தும் அந்தக் கலகத்துக்கென்றே உருவாக்கப்பட்டவை. சார்டினியாவிலோ புதிய உருவம் எதுவும் இல்லை. ரோம் பல ஆண்டுகளாக அடித்துவந்த அதே மெர்க்குரி, அதே கப்பல். கார்த்தேஜைப் பற்றி ஒரு சொல்லும் காசில் கிடையாது.

அப்படியானால் இன்னும் கூர்மையான ஒரு கேள்வி எழும். பணமுடைதான் காரணம் என்றால் கார்த்தேஜின் காசையே படைவீரர்களுக்குக் கொடுத்திருக்கலாமே? அது ஏற்கெனவே தீவில் செல்லுபடியான காசுதானே? சம்மட்டி அடி எதற்கு? விடை அந்த இரண்டு புள்ளிகளில் இருக்கிறது.

ஹன்னிபால் போர் தொடங்கும்போது ரோமின் அடிப்படை நாணயமான ஆஸ் ஏறத்தாழ 270 கிராம் எடையுள்ள வார்ப்பு வெண்கலம். கையில் பிடித்தால் ஒரு சிறு பாறை. திரெபியா, திராசிமேனே, கன்னே என்று கி.மு. 218 முதல் 216 வரை அடுத்தடுத்து விழுந்த தோல்விகளில் அதன் எடை படிப்படியாகச் சரிந்தது. கி.மு. 211 வாக்கில் ஒரு புதிய ஒழுங்கு வந்தது. தெனாரியஸ் என்ற வெள்ளிக்காசு, அதன் மதிப்பு பத்து ஆஸ். ஆஸின் எடை இப்போது ரோமானிய ராத்தலில் ஆறில் ஒரு பங்கு, சுமார் 54 கிராம். ஆஸில் ஆறில் ஒன்று செக்ஸ்டன்ஸ். அதாவது இரண்டு அவுன்ஸ், அதற்கு அடையாளம் இரண்டு புள்ளி. கணக்குப்படி செக்ஸ்டன்ஸ் 9 கிராம் இருக்க வேண்டும். சார்டினியாவில் மறுமுத்திரையிட்டவை பலவும் 5 அல்லது 6 கிராம்தான். கார்த்தேஜின் காசு அவ்வளவே இருந்தது. எடை என்ன என்று யாரும் தராசில் வைக்கவில்லை. புள்ளி இரண்டு இருந்தால் அது செக்ஸ்டன்ஸ், முடிந்தது பேச்சு.

ஆக, சம்மட்டி அடி ஒரு வெண்கலத் துண்டுக்குப் புதிய விலை நிர்ணயித்தது. பழைய தபால்தலைகள்மேல் புதிய விலையைக் கறுப்பு மையில் அச்சிட்டு விற்பதுபோல. குதிரைக்காசு சந்தையில் என்ன மதிப்புக்குப் போய்க்கொண்டிருந்தாலும், இனி அது தெனாரியஸோடு நிலையான விகிதத்தில் கட்டப்பட்ட ஒரு பகுதி. படைக்குச் சம்பளம், கொள்முதல், வரி எல்லாம் அந்தக் கணக்கில்தான் ஓடின. எடை குறைந்த காசு முழு மதிப்பில் செல்லும்போது இடையில் உள்ள வித்தியாசம் அரசுக்கு லாபம். போர்க்காலத்தில் அந்த லாபம் சின்ன விஷயம் அல்ல.

பணமுடை எவ்வளவு கடுமையானது என்பதை வரலாற்றாசிரியர் லிவி தெளிவாகவே எழுதியிருக்கிறார். கி.மு. 216இல், கன்னே தோல்விக்குப் பின், சிசிலியிலிருந்தும் சார்டினியாவிலிருந்தும் செனட்டுக்குக் கடிதங்கள் வந்தன. படைக்கும் கடற்படைக்கும் சம்பளம் இல்லை, தானியம் இல்லை, அனுப்ப வழியும் தெரியவில்லை என்பது சாரம். செனட்டின் பதில், அனுப்ப எங்களிடம் எதுவும் இல்லை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்பது. சிசிலியில் இருந்த ரோமானிய அதிகாரி ஓட்டாசிலியுஸ் ஹியரோனிடம் போய்க் கைநீட்டினார், சம்பளத்துக்குப் பணமும் ஆறு மாதத் தானியமும் கிடைத்தன. சார்டினியாவில் நட்புநகரங்கள் கொடுத்தன. அடுத்த ஆண்டு சார்டினியாவில் ஹம்ப்சிகோரா தலைமையில் கிளர்ச்சி வெடித்து, கார்த்தேஜின் படையும் வந்து இறங்கி, இரண்டும் ரோமானியத் தளபதி டைட்டஸ் மான்லியுஸ் டொர்குவாட்டுஸிடம் தோற்றன. கிளர்ச்சி செய்த நகரங்கள்மேல் அவர் பணமும் தானியமும் தண்டமாக விதித்தார். சார்டினிய நகரங்கள் அந்தத் தண்டத்தை எந்தக் காசில் கட்டியிருக்கும்? அவர்கள் கையில் இருந்தது குதிரையும் காளையும் பொறித்த கார்த்தேஜ் வெண்கலம். ரோமானிய முகாமின் பெட்டிகள் அவற்றால் நிறைந்திருந்தன என்று ஊகிப்பது மிகையாகாது. தலைநகரிலிருந்து எதுவும் வராத ஓர் ஆளுநருக்கு அந்தப் பெட்டிகளே உலோகச் சுரங்கம்.

இந்த அவசரம் வரலாற்றாசிரியர்களுக்குச் செய்த உதவிதான் எனக்கு இந்தக் காசுகளில் மிகவும் பிடித்த பகுதி. ரோமானியக் குடியரசின் காசுகளில் ஆண்டு பொறிக்கும் வழக்கம் இல்லை. ஒரு காசு எப்போது அடிக்கப்பட்டது என்பது ஊகம். மறுமுத்திரையில் மட்டும் ஒரு முன்பின் வரிசை உறுதி. அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது, இதை யாரும் மாற்ற முடியாது. 1953இல் நாணயவியலாளர் சார்லஸ் ஹெர்ஷ் இந்த வரிசையைத் தொகுத்துக் காட்டினார். 1974இல் மைக்கேல் கிராஃபர்ட் எழுதிய ரோமானியக் குடியரசு நாணயங்கள் பற்றிய பெருநூல் அதைத் தன் கால அட்டவணையின் முக்கியத் தூண்களில் ஒன்றாக்கியது.

அதற்கு முன் இருந்த குழப்பத்தைச் சொல்ல வேண்டும். கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய மூத்த பிளினி, ரோம் முதன்முதலில் வெள்ளிக்காசு அடித்தது கார்த்தேஜோடு நடந்த முதல் பியூனிக் போருக்கு ஐந்தாண்டு முன், கி.மு. 269இல் என்றார். அந்தப் போரின்போது செலவைச் சமாளிக்க முடியாமல் ஆஸின் எடையை ஆறில் ஒன்றாகக் குறைத்தார்கள் என்றும் எழுதினார். பல நூற்றாண்டுகளாக இதை அப்படியே ஏற்றார்கள். 1932இல் நாணயவியலாளர்கள் மேட்டிங்லியும் ராபின்சனும் இதை மறுத்து எதிர்க்கோடிக்குப் போனார்கள். தெனாரியஸ் ஹன்னிபால் போருக்கும் பிந்தியது, கி.மு. 187 என்றார்கள். ஒரு பேரரசின் முதன்மை நாணயத்தின் பிறந்த ஆண்டில் எண்பதாண்டுக்கும் மேற்பட்ட இடைவெளி!

மறுமுத்திரைகள் பிளினியின் தேதியை உடனே சாய்க்கின்றன. ஆறில் ஒன்று எடைக்காலக் காசுகளின் அடியில் ஹியரோனின் பிற்காலத்துத் திரிசூலக் காசுகளும், கி.மு. 219க்குப் பிறகு வந்த ஓயினியாடே காசுகளும் இருக்கும்போது, அந்த எடைக்குறைப்பு கி.மு. 241இல் முடிந்துவிட்ட முதல் போரைச் சேர்ந்ததாக இருக்க முடியாது. பிளினி சொன்ன காரணம் சரி, போர் தவறு. ஆனால் 187 என்ற தேதியை மறுமுத்திரை மட்டும் வைத்துச் சாய்க்க முடியாது. இந்த இடத்தில் மறுப்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. கி.மு. 215இன் காசை கி.மு. 187இல் எடுத்து அடிக்க எந்தத் தடையும் இல்லை. பழைய காசுகள் பல பத்தாண்டுகள் புழங்கும். சார்டினியாவிலேயே அப்படிப் புழங்கின என்று மேலே சொன்னேன். மறுமுத்திரை 'இதற்கு முன் அல்ல' என்று சொல்லும். 'இதற்குப் பின் அல்ல' என்று சொல்ல அதற்கு வழியில்லை.

அந்த மறுபாதியைத் தந்தது மண். சிசிலியின் நடுப்பகுதியில் உள்ள மோர்கன்டினா நகரம் ரோமுக்கு எதிராகத் திரும்பி, கி.மு. 211இல் பிடிக்கப்பட்டு அழிக்கப்பட்டது. 1955 முதல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் அங்கே அகழாய்வு செய்தது. அந்த அழிவின் இடிபாடுகளுக்கு அடியில் புத்தம்புதிய நிலையில் தெனாரியஸ் ஒழுங்கைச் சேர்ந்த சிறு வெள்ளிக்காசுகள் கிடைத்தன. ஆகவே தெனாரியஸ் கி.மு. 211இல் இருந்தது, ஆனால் அதற்கு மிக முன்னால் பிறந்திருக்கவில்லை. மேலிருந்து மண்ணும் கீழிருந்து மறுமுத்திரையும் நெருக்க, எண்பதாண்டு இடைவெளி இரண்டு மூன்று ஆண்டுகளாகச் சுருங்கிவிட்டது. ஒன்றையொன்று அறியாத இரண்டு சான்றுகள் ஒரே இடத்தில் வந்து சந்திப்பதால்தான் இன்று அந்தத் தேதியைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள்.

சார்டினியக் காசுகளின் காலமும் இந்தச் சட்டகத்துக்குள் விழுகிறது. அவற்றில் சில 'சி' என்ற எழுத்தையும், சில 'மா' என்ற கூட்டெழுத்தையும், சில 'ஔர்' என்பதையும் தாங்குகின்றன. கிராஃபர்ட் இவற்றைக் கி.மு. 211 முதல் 209 வரை தீவை ஆண்ட கொர்னேலியுஸ், மான்லியுஸ், ஔருன்குலெயுஸ் ஆகிய மூன்று ஆளுநர்களின் பெயர்ச்சுருக்கங்கள் என்று படித்தார். ஊகம்தான், ஆனால் மூன்று எழுத்துகளும் அடுத்தடுத்த மூன்று ஆளுநர்களோடு பொருந்துவதைத் தற்செயல் என்று தள்ளிவிடுவது கடினம். செனட் கைவிரித்தபின் ஒவ்வோர் ஆளுநரும் தன் பொறுப்பில் காசு அடித்து, கணக்கு கேட்டால் காட்டத் தன் அடையாளத்தைப் போட்டுவைத்தார் என்று வாசித்தால் லிவியின் கடிதங்களோடும் இது இசைகிறது.

இன்றைய ஆய்வகங்களுக்கு இந்தக் காசுகள் ஒரு சிக்கலையும் வைத்திருக்கின்றன. நாணய உலோகத்தில் உள்ள ஈயத்தின் ஐசோடோப்பு விகிதத்தை அளந்தால், அது எந்தச் சுரங்கத் தாதுவிலிருந்து வந்தது என்று ஓரளவு சொல்ல முடியும். தெனாரியஸின் வெள்ளி ஸ்பெயின் சுரங்கங்களிலிருந்து வரத்தொடங்கியதை இப்படித்தான் கண்டார்கள். அதே முறையை ஒரு மறுமுத்திரை செக்ஸ்டன்ஸில் கையாண்டால் வரும் விடை ரோமின் செம்பு வணிகத்தைப் பற்றியது அல்ல. அது கார்த்தேஜோ சிரக்யூஸோ ஒரு தலைமுறைக்கு முன் எங்கே உலோகம் வாங்கின என்பதைக் காட்டும். அடி நன்றாக விழுந்து பழைய உருவம் முழுக்க மறைந்துபோன காசில் இந்த வேறுபாடு கண்ணுக்கும் தெரியாது. ஆகவே மாதிரியை எடுப்பதற்கு முன் ஒவ்வொரு காசையும் சாய்வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, கப்பலின் வரிகளுக்கு இடையே குதிரையோ திரிசூலமோ ஒளிந்திருக்கிறதா என்று சோதிக்க வேண்டியிருக்கிறது.